நரகம் என்று பெயர் வாங்கிய வயல் வீதி

பிரான்ஸ் நாட்டின் வடக்கு மூலையில், பெல்ஜிய எல்லையோரமாக, றூபே என்றொரு நகரம் உண்டு. ஒரு காலத்தில் கம்பளி நூற்கும் ஆலைகளாலும் நெசவுசாலைகளாலும் பேரும் பணமும் பெற்ற ஊர் அது. ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்டுவிட்டன. ஆனாலும் ஆண்டுதோறும் ஏப்பிரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அந்த ஊரின் பெயர் உலகமெங்கும் பேசப்படுகிறது. காரணம் ஒரு துவிச்சக்கர வண்டி ஓட்டம். அதற்குப் பெயர் 'பாரிஸ் - றூபே'.

துவிச்சக்கர வண்டி ஓட்டம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, மூன்று வாரம் நடக்கும் பிரான்ஸ் சுற்றுப்போட்டிதான். அது 1903 இல் ஆரம்பமானது. பாரிஸ் - றூபே அதற்கும் ஏழு ஆண்டு மூத்தது. ஒரே நாளில் முடிந்துவிடும். மலை ஏற்றம் எதுவும் கிடையாது. ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம், அதில் 55 கிலோமீற்றர் வரையில் வயல்களுக்கு நடுவே செல்லும் கல் பாவிய பாதை. அவ்வளவுதான். இதை எதற்காக ஒரு விவசாய இதழில் எழுதுகிறோம் என்று வாசகர்கள் கேட்கலாம். அந்தப் பாதைகள் விவசாயிகளின் பாதைகள். போரினால் ஊரோடு பெயர்ந்து, நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்து, மண்ணையும் பாதையையும் மறுபடி உண்டாக்கிய மக்களின் பாதைகள். போட்டிக்கு இன்றுள்ள புகழில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆலை முதலாளிகளின் யோசனை

தொடக்கத்தில் இதில் போரும் இல்லை, விவசாயமும் இல்லை. வெறும் வியாபாரம். றூபே நகரில் நூல் ஆலை வைத்திருந்த தியோடோர் வியன், மொறிஸ் பெரெஸ் என்ற இருவர் 1895 ஆம் ஆண்டில் ஒரு வண்டியோட்ட மைதானத்தைக் கட்டினார்கள். மைதானத்துக்குச் சனம் வரவேண்டும். அதற்கு ஊர் பேசும்படியான ஏதாவது நடக்கவேண்டும். பாரிஸ் மாநகரில் புறப்பட்டு இந்த மைதானத்தில் வந்து முடியும் ஓட்டம் ஒன்றை வைத்தால் என்ன என்று யோசித்து, 'ல வேலோ' என்ற விளையாட்டுப் பத்திரிகைக்கு 1896 பெப்ரவரியில் கடிதம் எழுதினார்கள். முதற் பரிசு 1,000 பிராங்க். அக்காலத்து ஆலைத் தொழிலாளிக்கு அது பல மாதச் சம்பளம்.

பத்திரிகைக்கும் ஆசைதான். ஆனால் பாதை எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டுமே? விக்டர் பிறேயர் என்ற நிருபரை அனுப்பினார்கள். அவர் அமியன் நகரம் வரை மோட்டார் வண்டியிலும் அங்கிருந்து துவிச்சக்கர வண்டியிலும் போனார். மழை, குளிர், சேறு, வழுக்கும் கற்கள். றூபே போய்ச் சேர்ந்தபோது ஆளே உருக்குலைந்துவிட்டார். இந்தப் பாதையில் போட்டி வைப்பது பாவம், யோசனையைக் கைவிடுங்கள் என்று தந்தி அடிக்க நினைத்தாராம். அன்றிரவு றூபே நண்பர்கள் குளிக்க வெந்நீரும் வயிறார உணவும் கொடுத்த பிறகு மனம் மாறிவிட்டது. நல்ல சாப்பாட்டினால் தீர்மானமான காரியங்கள் உலக சரித்திரத்தில் இன்னும் பல இருக்கக்கூடும்.

இன்னொரு சிக்கலும் எழுந்ததாகச் சொல்வார்கள். போட்டியை உயிர்த்த ஞாயிறு அன்று நடத்த எண்ணியிருந்தார்கள். அப்படியானால் ஓட்டக்காரர் திருப்பலி காண்பது எப்படி என்று திருச்சபையார் ஆட்சேபித்தனர் என்றும், புறப்படும் இடத்துக்கு அருகிலுள்ள சிற்றாலயத்தில் விடிவதற்கு முன் பூசை வைப்பதாகப் பேசிச் சமாளித்தனர் என்றும் கதை உண்டு. எது எப்படியோ, முதற் போட்டி உயிர்த்த ஞாயிறு கழிந்து இரண்டு வாரத்தின் பின், 1896 ஏப்பிரல் 19 ஆம் திகதிதான் நடந்தது. அடுத்த ஆண்டு உயிர்த்த ஞாயிறு அன்றே நடந்தது.

பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் புறப்படும் இடத்துக்கே வரவில்லை. ஓடியவர்கள் ஏறத்தாழ ஐம்பது பேர். ஜேர்மனியரான ஜோசப் பிஷர் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் வந்து வென்றார். மூன்றாவதாக வந்த மொறிஸ் காறான் இத்தாலிய மலைநாட்டில் பிறந்து, சிறு வயதில் புகைபோக்கி துப்புரவு செய்து பிழைத்தவர். பின்னர் அவர் றூபே நகரிலேயே வண்டிக்கடை வைத்திருந்தார். 1897, 1898 இரண்டு ஆண்டும் இப்போட்டியை வென்று, 1903 இல் முதலாவது பிரான்ஸ் சுற்றுப்போட்டியையும் வென்றார். ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சுரங்கத்தையும் ஆலையையும் விட்டால் வேறொரு வழியும் உண்டு என்பதை அந்தப் பகுதி மக்கள் காறானைப் பார்த்தே அறிந்தார்கள்.

போர் வந்தது

1914 ஓகஸ்ட் மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. ஒக்ரோபர் மாதத்தில் ஜேர்மன் படை றூபே நகரைப் பிடித்தது. நான்கு ஆண்டு முழுவதும் நகரம் அவர்கள் கையிலிருந்தது. பாரிஸிலிருந்து வரும் ஓட்டப் பாதையைக் குறுக்கறுத்துக்கொண்டு பதுங்குகுழிகளும் முட்கம்பிகளும் நீண்டு கிடந்தன. 1916 உயிர்த்த ஞாயிறுக் காலத்தில் றூபே, லீல், தூர்க்குவான் ஆகிய மூன்று நகரங்களிலிருந்தும் சுமார் 20,000 பேரை, இளம் பெண்பிள்ளைகள் உட்பட, வீடு வீடாகப் புகுந்து பிடித்துத் தூர இடங்களில் வயல் வேலைக்குக் கொண்டுபோனார்கள். ஆலை வேலை செய்து பழகிய கைகள் அவை. போர்முனைக்கு அருகிலிருந்த கிராமத்தவர்கள் அதற்கு முன்பே கையில் அகப்பட்டதைக் கட்டிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள்.

ஓட்டக்காரரிலும் பலர் திரும்பவில்லை. 1909 முதல் 1911 வரை மூன்று முறை தொடர்ந்து வென்ற ஒக்தாவ் லாபிஸ் 1917 இல் விமானப் போரில் இறந்தார். 1913 இல் வென்ற பிறான்சுவா பாபேர் 1915 மே மாதத்தில் இறந்தார். அவர் விழுந்த இடம், தாம் வண்டியோடி வென்ற பாதையிலிருந்து அதிக தூரமில்லை.

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. அடுத்த வசந்தத்தில் போட்டியை மறுபடி நடத்துவதென்று 'லோட்டோ' என்ற பத்திரிகை தீர்மானித்தது. பாதையைப் பார்த்துவர, பழைய விக்டர் பிறேயரையும் அவருடன் யூஜின் கிறிஸ்தோப் என்ற ஓட்டக்காரரையும் அனுப்பினார்கள். இந்தக் கிறிஸ்தோப் சாதாரண ஆளல்ல. 1913 சுற்றுப்போட்டியில் மலை உச்சியில் வண்டியின் முன் கவர் முறிந்தபோது, வண்டியைத் தோளில் சுமந்து கீழிறங்கி, கொல்லன் பட்டறை ஒன்றில் தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி ஒட்டியவர். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவருக்கு நேரத் தண்டம் விதித்தார்கள்!

டூலான் என்ற ஊர் மட்டும் பாதை அவ்வளவு மோசமில்லை. அதற்கு அப்பால் ஊர்கள் இல்லை. மரங்கள் இருந்த இடத்தில் கருகிய கட்டைகள், வயல் இருந்த இடத்தில் நீர் தேங்கிய ஷெல் குழிகள், எங்கும் சேறு, செத்த கால்நடைகளின் நாற்றம். அறாஸ் நகரத்தையும் லான்ஸ் நகரத்தையும் கல்லும் தூசியுமாகவே கண்டார்கள். திரும்பி வந்து எழுதியதில்தான் 'வடக்கின் நரகம்' என்ற பெயர் பிறந்தது. போட்டியின் பட்டப்பெயராக அது இன்றுவரை நிலைத்துவிட்டது. இன்று கேட்பவர்கள் அது கற்பாதையின் கடுமையைக் குறிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியல்ல. அது போரின் பெயர்.

இந்த இடத்தில் நாம் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. ஒரு நாளில் அவ்வழியே கடந்துபோன பத்திரிகைக்காரர்கள் அதை நரகம் என்றார்கள். அதே மாதங்களில் அந்த இடத்தை நோக்கி வந்துகொண்டிருந்த குடும்பங்கள் அதை எங்கள் காணி என்றார்கள்.

வந்தவர்கள் தகரக் கூடாரங்களிலும் கைவிடப்பட்ட பதுங்குகுழிகளிலும் குடியிருந்தார்கள். எல்லைக் கல் எங்கே, வேலி எங்கே, கிணறு எங்கே என்று தெரியாத நிலம். அரசாங்கம் படம் போட்டு நிலத்தை வகைப்படுத்தியது. மிக மோசமாகச் சிதைந்ததைச் 'சிவப்பு வலயம்' என்று சொல்லி, அங்கே இனிப் பயிர் செய்ய முடியாது, காடு வளர்க்கட்டும் என்றார்கள். சொன்னதை ஏற்க மனமில்லாதவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. வடபகுதியில் சிவப்பு வலயம் என்று குறிக்கப்பட்டதில் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே மறுபடி கலப்பை கண்டது. சீனத் தொழிலாளர் படையினரும் ஜேர்மன் கைதிகளும் வெடிக்காத ஷெல்களையும் முட்கம்பிகளையும் அகற்றி, குழிகளை நிரப்பினார்கள். அந்த வேலையில் உயிரிழந்தவர்களும் உண்டு. இன்றும் அந்த வயல்களை உழும்போது ஷெல் கிளம்புகிறது. எடுத்து வரம்போரம் வைத்துவிட்டு வெடிபொருள் அகற்றுவோருக்குத் தகவல் கொடுப்பது அங்குள்ள விவசாயிகளுக்கு வழக்கமாகிவிட்டது. நூறு ஆண்டு கடந்தும் நிற்காத இந்த விளைச்சலுக்கு 'இரும்பு அறுவடை' என்று பெயர்.

நட்டஈடு கிடைத்ததா? கிடைத்தது, ஆனால் காத்திருக்க வேண்டியிருந்தது. 1919 ஏப்பிரல் 17 ஆம் திகதி பிரான்ஸ் பாராளுமன்றத்தின் சட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. போரினால் அழிந்த வீடு, காணி, கால்நடை, கருவி யாவற்றுக்கும் ஈடு பெறுவது குடிமக்களின் உரிமை என்று அது சொன்னது. தருமம் அல்ல, உரிமை. இந்தச் சொல்லைக் கவனிக்கவேண்டும். விண்ணப்பம், மதிப்பீடு, விசாரணை என்று ஆண்டுகள் ஓடின. தனித்தனியே அலைந்து களைத்த கிராமத்தவர்கள் புனரமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து, கணக்கையும் வரைபடத்தையும் ஒன்றாகக் கொடுத்து வேலையை முடித்தார்கள்.

அந்தச் சட்டம் வந்து மூன்றாம் நாள், ஏப்பிரல் 20, உயிர்த்த ஞாயிறு. அன்று போட்டி நடந்தது. ஆன்றி பெலிசியே என்பவர் 280 கிலோமீற்றரை 12 மணி 15 நிமிடத்தில் ஓடி வென்றார். மணிக்கு 23 கிலோமீற்றர் கூட இல்லை. முதற் போட்டியின் வேகத்தைவிட அது குறைவு. வழியில் கடவையை மறித்து ஒரு புகையிரதம் நின்றதாகவும், முன்னால் வந்த மூவரும் வண்டிகளைத் தூக்கிக்கொண்டு பெட்டிக்குள் ஏறி மறுபுறம் இறங்கி ஓடியதாகவும் சொல்வார்கள். அன்று வீதியோரத்தில் நின்றவர்களுக்கு யார் வென்றார் என்பது பெரிதாக இருந்திருக்காது. பாரிஸிலிருந்து றூபேக்கு மறுபடி பாதை திறந்துவிட்டது என்பதே செய்தி.

கற்களைத் தேடிப் போனவர்கள்

வடபகுதி மண் கனத்த களிமண். அங்கே பெருமளவு செய்கை பண்ணுவது சீனி எடுக்கும் பீற் கிழங்கு. இலையுதிர் காலத்து மழையில் கிழங்கு ஏற்றிய வண்டில் சேற்றில் புதையாதிருக்கவே வயற்பாதைகளுக்குக் கல் பாவினார்கள். ஆரம்பத்தில் போட்டிக்காரர் யாரும் இக்கற்களைத் தேடிப் போகவில்லை. பெருவீதிகளே அந்தக் காலத்தில் கல் பாவியவைதான்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் தார் வந்தது. பிரதேசத் தலைவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வீதிகளுக்குத் தார் போட்டார்கள். போட்டியைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கியதும் இந்த வேகம் இன்னும் கூடிற்று. நாடு முழுவதும் பார்க்கும்போது எங்கள் ஊர் வீதி இப்படிக் குண்டும் குழியுமாகத் தெரிவதா என்ற வெட்கம்! 1965 ஆம் ஆண்டில் பாதை முழுவதிலும் எஞ்சியிருந்த கற்பாதை 22 கிலோமீற்றர் மட்டுமே. இப்படியே போனால் போட்டிக்கு அடையாளமே இல்லை என்று பயந்த நடத்துனர்கள், பழைய ஓட்டக்காரரான அல்பேர் பூவே என்பவரை அனுப்பி, தார் படாத வயற்பாதைகளைத் தேடச் சொன்னார்கள்.

அவருக்கு வழிகாட்டியவர் ஜான் ஸ்தாப்லின்ஸ்கி. போலந்திலிருந்து கூலி வேலைக்கு வந்த குடும்பத்துப் பிள்ளை. 14 வயதில் தகப்பனை இழந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். வண்டியோட்டத்தில் 1962 ஆம் ஆண்டின் உலக வெற்றிவீரர். அவர் காட்டிக் கொடுத்ததுதான் அறன்பேர்க் காட்டுப் பாதை. இரண்டு கிலோமீற்றருக்கு மேல் நேர்கோடாகக் காட்டை ஊடறுத்துச் செல்லும் அப்பாதை 1968 இல் போட்டியில் சேர்ந்தது. அந்த நிலத்துக்குக் கீழே சுரங்கத்தில் உழைத்து, மேலே வண்டியும் ஓடிய ஒரே வீரர் அவர்தான். சுரங்கம் 1989 இல் மூடப்பட்டது. பாதைதான் இப்போது ஊருக்குப் பெயர் தேடித் தருகிறது.

ஏன் இன்னும் பார்க்க வருகிறார்கள்?

இலட்சக்கணக்கானோர் வீதியோரம் வந்து நிற்கிறார்கள். நுழைவுச்சீட்டு இல்லை. கதிரையை வயல் வரம்பில் போட்டு உட்கார்ந்தால் உலகத்தின் முதல்தர வீரர் கை எட்டும் தூரத்தில் போவார். மழை என்றால் சேறு, வெயில் என்றால் புழுதி. முடிவில் யார் முகமும் அடையாளம் தெரியாது. கற்பாதையில் ஓடுவதற்கு ரயர் அகலமாக இருக்கவேண்டும், காற்றைக் குறைக்கவேண்டும், பாதையின் நடு முதுகில் ஓடவேண்டும். மணல் ஒழுங்கைகளில் வண்டி மிதித்த எமது வாசகர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். 2024 இல் வென்றவர் மணிக்கு 47.8 கிலோமீற்றர் வேகத்தில் ஓடினார். அவ்வளவு வேகத்திலும் ஒரு கல் பெயர்ந்திருந்தால் போதும், முதலில் போகிறவர் கடைசி ஆளாகிவிடலாம்.

1949 இல் அந்திறே மாஹே என்பவர் முதலில் வந்தார். மைதான வாசலில் நின்ற அதிகாரி பிழையான பக்கம் கைகாட்டியதால், சுற்றிக்கொண்டு பத்திரிகையாளர் இருக்கும் பக்கத்தால் உள்ளே புகுந்து கோட்டைத் தாண்டினார். சரியான வழியால் பின்னே வந்தவர்களில் முந்தியவர் சேர்சே கொப்பி. மாஹே முழுத் தூரமும் ஓடவில்லை என்று முறைப்பாடு போனது. மாதக்கணக்கில் இழுபட்டு, இருவரும் வென்றவர்களே என்று முடித்தார்கள். அதிகாரி காட்டிய பிழையான வழிக்கு ஓடியவன் தண்டனை அனுபவிப்பதா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தீர்ப்பு இருக்கமுடியாது என்பது எமது எண்ணம்.

2016 இல் வென்ற அவுஸ்திரேலியரான மத்தியூ ஹேமன், ஆறு வாரத்துக்கு முன் கை எலும்பு முறிந்தவர். வீட்டுக்குள் நிறுத்திவைத்த வண்டியில் மிதித்துப் பயிற்சி எடுத்தார். வயது 37, அதற்கு முன் பதினான்கு முறை வெற்றியில்லாமல் ஓடியவர்.

பெண்களுக்கு இப்போட்டியில் இடம் கிடைக்க 125 ஆண்டுகள் சென்றன. 2021 ஒக்ரோபர் 2 ஆம் திகதி மழையில் நடந்த முதலாவது பெண்கள் போட்டியில் இங்கிலாந்தின் லிஸி டைக்னன், 80 கிலோமீற்றருக்கு மேல் தனித்தே ஓடி வென்றார். கையுறை இல்லாமல் பிடித்த கைபிடியில் இரத்தம் படிந்திருந்தது. அவருக்குக் கிடைத்த முதற் பரிசு 1,535 யூரோ. அடுத்த நாள் அதே கற்களில் ஓடி வென்ற ஆணுக்கு 30,000 யூரோ. நாற்று நடும் பெண்ணுக்கும் வரம்பு கட்டும் ஆணுக்கும் கூலியில் காட்டும் வேறுபாடு எமக்குத் தெரியும். இது அதையும் விஞ்சியது.

பணத்தைத் தவிர, வென்றவருக்கு 1977 முதல் ஒரு நினைவுப் பரிசு கொடுக்கிறார்கள். பாதையில் கிடப்பது போன்ற ஒரு பாவுகல். கிண்ணம் அல்ல, பதக்கம் அல்ல. மைதானத்தின் பழைய குளிப்பறையில் சீமெந்துத் தடுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முன்னர் வென்ற ஒருவரின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. றூபே நகருக்குள் பதித்த கடைசிக் கற்பாதைக்கு, அங்கே வாழ்ந்து 1912, 1914 ஆண்டுகளில் வென்ற சார்ல் குறுப்லாந்தின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பாதை யாருக்கு?

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தொலைக்காட்சியில் பார்ப்பவருக்குக் கல் அழகு. வருடத்தில் மீதி நாளெல்லாம் அதன்மேல் உழவு இயந்திரத்தையும் கிழங்கு லொறியையும் கொண்டுபோகிறவருக்கு நாரி முறிகிறது. தார் வேண்டும் என்று விவசாயி கேட்டால் அதில் நியாயம் உண்டு. கற்களைக் காக்கவேண்டும் என்று கேட்பவர்களிடமும் நியாயம் உண்டு: போட்டி வரும்வரைதான் அந்தச் சிற்றூர்களை யாரேனும் திரும்பிப் பார்ப்பார்கள். எமது பார்வையில், காக்க விரும்புகிறவர் அதற்கான உழைப்பையும் செலவையும் ஏற்றுக்கொண்டால் மட்டுமே அந்த நியாயம் நிற்கும். அங்கே அது ஓரளவு நடக்கிறது. 'பாரிஸ் - றூபே நண்பர்கள்' என்ற தொண்டர் சங்கத்தார் குளிர்காலத்தில் மண்வெட்டியோடு வந்து, பெயர்ந்த கற்களை எடுத்து, அடியில் மணல் போட்டு, ஓரத்து வடிகாலை வெட்டித் திருத்துகிறார்கள். தோட்டக்கலைப் பள்ளி மாணவர்களும் அவர்களோடு சேர்ந்து இதைத் தொழிலாகவே பழகுகிறார்கள்.

அறன்பேர்க் காட்டில் வேறு பிரச்சினை. வாகனப் போக்குவரத்து இல்லாததால் கல்லிடுக்கில் புல்லும் பாசியும் வளர்ந்து வழுக்கும். 2024 போட்டிக்கு முன் அங்கே ஆடுகளை அவிழ்த்துவிட்டு மேய்த்தார்கள்.

போட்டி முடிந்த மறுநாள் பாதை மறுபடி விவசாயிகளுக்கு. அந்த நாட்களில்தான் பீற் விதைப்பும் நடக்கும். இலையுதிர் காலத்தில் கிழங்கு கிண்டி, வயலோரம் குவித்து, லொறிகளில் ஏற்றுவார்கள். கனம் தாங்காமல் கற்கள் பெயரும். குளிர்காலத்தில் தொண்டர்கள் மண்வெட்டியோடு வருவார்கள்.